ஆறடி தள்ளி நின்று கேட்க முடியாத சாமான்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை திண்டிவனம் போய் ஒரு ஊசி போட்டுக்கொண்டு வருவேன். இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், பாட்டில் பாட்டிலாக ஏற்றித்தான் என்னைப் பிழைக்க வைத்தார்கள். இன்னொன்று வயிற்றில் வந்தால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். உடம்பில் ரத்தம் ஊறியதும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், அதுவரைக்கும் ஊசி. அடுத்த ஊசிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கொரோனாவுக்காக ஊரடங்கு போட்டார்கள்.

டாக்டரம்மாவின் கிளினிக்கைப் பூட்டிவிட்டார்கள். விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

“பிரசவம்னா உடனே கெளம்பி வாம்மா. மத்ததெல்லாம் லாக்டவுன் முடிஞ்சி பாத்துக்கலாம்” என்றாள் போனை எடுத்த பெண்.

“லாக்டவுன் முடியறதுக்குள்ள பிரசவத்துக்கே வர மாதிரி ஆயிடும் போல இருக்குதே.”

“அப்ப வாங்க” என்று வைத்துவிட்டாள்.

என் வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போகிற மனுஷன். கம்பெனியை மூடியதும் பெட்டியோடு வந்து சேர்ந்தார். நாட்டில் உள்ள புருஷன்மார்களை எல்லாம் வீட்டில் உட்கார வைத்துவிட்டு, ஊசி போடுகிற இடத்தை மட்டும் மூடிய மகராசன் யாரென்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் மேல் எனக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை, ஆசைதான். பயமே அதுதான். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டைகள் கிடக்கும் அறையில் அவருக்குக் கட்டிலைப் போட்டுக் கொடுத்தேன்.

ஊசித் தேதி தாண்டியதும், மருந்துக் கடைக்குப் போய் ஆணுறை வாங்கி வரச் சொன்னேன். கிளியனூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் சின்ன ஊருக்கு ஒரே மருந்துக் கடை. கடைக்காரர் இவருக்குச் சித்தப்பா முறை. மாமனார் முறை ஆளிடம் நான் போய்க் கேட்பது நடக்காத காரியம். திண்டிவனம் போனால் போலீஸ் வண்டியைப் பிடுங்கிக்கொள்ளும்.

மற்ற நாளாக இருந்தால் கல்லாப் பக்கம் குனிந்து காதோடு சொல்லிவிடலாம். இப்போது கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு வட்டம், ஆறடி இடைவெளி, வாயில் மாஸ்க். இவருக்கு முன்னால் பெரியம்மா, பின்னால் மாமன் மகன். கேட்பதானால் கத்தித்தான் கேட்க வேண்டும்.

இவர் மாஸ்க்குக்குள்ளேயே முனகியிருக்கிறார்.

“காதுல வுழல. இன்னா வோணும், சத்தமா சொல்லு” என்றாராம் சித்தப்பா.

வேர்த்து விறுவிறுத்துப் போய் இவர் கத்தியது: “காய்ச்ச மாத்திர.”

காய்ச்சல் மாத்திரை வாங்குகிறவர்களின் பெயரையும் போன் நம்பரையும் எழுதி அனுப்ப வேண்டும் என்று கடைக்காரர்களுக்கு அப்போது உத்தரவு. சித்தப்பா ரொம்ப நேர்மையான ஆள், எழுதி அனுப்பிவிட்டார். மறுநாள் காலை பிளீச்சிங் பவுடரோடு நான்கு பேர் வந்து எல்லோருடைய மூக்கிலும் குச்சி விட்டுவிட்டு, கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பதினான்கு நாள் யாரும் வெளியே வரக்கூடாது.

“உண்மைய சொல்லிடுங்களேன்” என்றேன் இவரிடம்.

“இன்னான்னு சொல்றது? அத கேக்க வெக்கப்பட்டுக்கினு இத கேட்டுட்டேன்னா?”

மூன்றாம் நாள் ரிசல்ட் வந்தது, யாருக்கும் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒட்டிய ஸ்டிக்கரை முன்னாலேயே கிழிக்க வழியில்லையாம். கொரோனா இல்லாமலே கொரோனா வீடு ஆனோம். பிள்ளைகள் தூங்கியதும் அவர் மல்லாட்டை அறையிலும் நான் கூடத்திலும் விழித்துக்கொண்டு கிடப்போம். அதிக நாள் தாங்காது என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. என் பிள்ளைகளைத் தாயில்லாப் பிள்ளைகளாக நினைத்துப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் அழுதேன்.

ஸ்டிக்கரால் ஒரே ஒரு நன்மை. சோதனைச் சாவடியில் நெற்றிக்கு நெற்றி காய்ச்சல் பார்க்கப் போட்டிருந்த எங்கள் ஊர் நர்சம்மா, தினமும் எங்கள் வாசலுக்கு வர ஆரம்பித்தார். தெருவில் நின்றபடி கேட்பார். அந்தக் காட்சியைப் பார்க்க வீட்டுக்கு வீடு வாசலில் ஆள் நிற்கும். வேறு வேலை யாருக்கும் இல்லை.

ஆறாம் நாள் வந்தார்.

“காய்ச்சல் இருக்குதா?”

“இல்லீங்க.”

“இருமலு?”

“இல்லீங்க. நர்சம்மா, கரு தங்காம இருக்க மாத்திர வோணும்” என்றேன், தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி. அந்தக் குரல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

நர்சம்மா கையிலிருந்த தாளைப் புரட்டினார். “அதுக்கு இதுல கட்டம் இல்லியேம்மா.”

“கட்டம் இல்லன்னா ஓரத்துல எழுதிக்கோங்க. இன்னொண்ணு வந்தா நான் செத்துடுவேங்க.”

அவர் தாளை மடித்தார். அங்கிருந்தே கத்தினார்: “தலைக்குக் குளிச்சி எத்தினி நாளாவுது?”

“நாலு நாளு.”

“அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணா படுத்தீங்களா?”

“இல்லீங்க. அவரு மல்லாட்டை ரூம்ல கீறாரு.”

ஜன்னலில் இருந்த என் வீட்டுக்காரரின் தலை உள்ளே போய்விட்டது. தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை. நர்சம்மா ஸ்கூட்டி சீட்டைத் திறந்து, அடியில் கிடந்த பழைய பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். கிட்டே வரக்கூடாதே, அங்கிருந்தே வீசினார். அது வாசல்படியில் வந்து விழுந்தது.

நான் குனிந்து எடுக்கும்போது எதிர்வீட்டு வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. மருந்துக் கடைச் சித்தப்பாவின் பெண்சாதி, மூன்று பிள்ளை பெற்றவர். நான் மருமகளாக வந்த நாளிலிருந்து அவர் குரல் உயர்ந்து கேட்டதே இல்லை.

“நர்சம்மா, எனக்கும் ஒரு அட்ட போடுங்க. எங்க ஊட்டுக்காரர்கிட்ட நான் எப்படிங்க கேக்கறது?”