பச்சை சைக்கிளின் பிரேக்

போன வருடம், எழுபத்தொரு வயதில், நான் ஒரு சைக்கிள் வாங்கினேன். வாரத்தில் மூன்று நாள் விஜயநகர் வீட்டிலிருந்து அக்ரஹாரத்துக்குப் போய் ஒரு சின்ன அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். அங்கே போய்வரவும், ஞாயிறு காலைகளில் ரிங் ரோட்டுப் பக்கம் சும்மா சுற்றிவரவும் ஒரே வண்டியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இந்த வயதில் வேண்டாம் என்றாள் மனைவி. அவள் அப்படிச் சொன்ன பிறகு வாங்காமல் இருப்பது எனக்குக் கஷ்டமாகிவிட்டது.

முப்பது வருடம் தேர்வுப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். வினாத்தாள் கட்டின் முத்திரை சரியாக இருந்தால், ஏன் இவ்வளவு சரியாக இருக்கிறது என்று யோசிக்கிற வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. இன்னொரு பழக்கமும் உண்டு. இந்தக் கன்னட ஊர்த் தமிழர்கள் பலருக்கும் அது தெரிந்த வித்தைதான். கடைக்காரர் தமிழர் என்று தெரிந்தால் நான் கன்னடத்தில்தான் பேசுவேன். எனக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்து அவர்கள் தங்களுக்குள் பேசுவதைக் காதில் வாங்கிக்கொள்வேன். காய்கறிக் கடை முதல் நகைக்கடை வரை இதைச் செய்திருக்கிறேன். அது சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தேன்.

மண்டி மொஹல்லாவில் அந்தச் சைக்கிள் கடையை நடத்துகிறவர் ஹனூர்ப் பக்கத்துத் தமிழர். அவருடைய தங்கை கணவர்தான் அங்கே ஃபிட்டர், ஐம்பது வயதிருக்கும். நான் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது அந்த ஃபிட்டர் வாசலில் நின்றிருந்தார். வலது காலைக் கையால் தூக்கி வெளியே வைத்துத்தான் நான் இறங்குவேன். அதை யாரும் கவனிப்பதில்லை என்பது என் எண்ணம்.

உள்ளே ஒரு பச்சை வண்டி எனக்குப் பிடித்துப்போயிற்று. கியர் வைத்தது, மேல் குழாய் நேராக, உயரமாக ஓடும். கடைக்காரர் அதை விட்டுவிட்டு, மேல் குழாய் தாழ்வாக வளைந்த ஒரு சாம்பல் நிற வண்டியையே திரும்பத் திரும்பக் காட்டினார். விற்காமல் தேங்கிப் போன சரக்கு என்று முடிவு கட்டினேன். பச்சை வண்டியின் பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன், சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டேன். தெரிந்தவன் போல. அப்போது ஃபிட்டர் பின்னாலிருந்து தணிந்த குரலில் தமிழில் சொன்னார்.

"இவருக்குப் பச்ச வண்டி வேண்டாம் மச்சான். சொன்னாலும் ஒத்துக்கமாட்டாரு. வேற ஒருத்தருக்குப் பேசிட்டோம்னு சொல்லிருங்க."

நான் திரும்பினேன். இத்தனை வருடப் பழக்கத்தில் அன்றுதான் முதல் தடவையாக வேஷத்தைக் கலைத்தேன்.

"யாருக்குப் பேசியிருக்கீங்க? அவரக் கூப்பிடுங்க, நான் பாக்கணும்."

கடையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். கடைக்காரர் முகம் வெளுத்துப்போய், "மாப்ள, நீ உள்ள போ" என்றார். பொய் சொல்லிப் பழைய சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறீர்கள் என்று நான் நாலு பேருக்கும் கேட்கும்படி கன்னடத்திலும் சொன்னேன். ஃபிட்டர் பச்சை வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்து, சீட்டை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கினார். ஏறும்போதும் இறங்கும்போதும் வண்டியை நன்றாகச் சாய்த்துக்கொள்ளுங்கள் ஐயா என்றார். கிண்டல் பண்ணுகிறார் என்று அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் விழுந்தேன். வீட்டுக்குப் பக்கத்து சிக்னலில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். வலது கால் மேல் குழாயைத் தாண்டவில்லை. நின்ற வண்டியோடு சாய்ந்து இடது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டேன். பிரேக் அழகாகப் பிடித்திருந்தது. வண்டி வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றிருந்தது.

ஆஸ்பத்திரியில் மனைவி, "எப்படீங்க விழுந்தீங்க?" என்று கேட்டாள். பிரேக் பிடிக்கவில்லை என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு யோசிக்க நிறைய நேரம் இருந்தது, அப்போதும் மாற்றிச் சொல்லவில்லை.

மறுநாளே அவள் வண்டியை லக்கேஜ் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனாள். திரும்பி வந்து, "நல்லாக் கேட்டுப்போட்டு வந்தேனுங்க" என்றாள். கடைக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தன் கையாலேயே பிரேக் கம்பியைப் புதிதாக மாற்றிக் கொடுத்தாராம். ஃபிட்டர் பழைய கம்பியை ஒரு தடவை பார்க்கிறேன் என்று கிட்டே வந்தபோது, தொடாதே என்று தடுத்துவிட்டாராம். "அந்த ஆளு கம்பியவே பாத்துக்கிட்டு நின்னாரு. தப்பு பண்ணின மூஞ்சி" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அந்த மனிதர் ஆட்டோவிலிருந்து இறங்கிய என் காலைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார் என்று. முகத்துக்கு நேரே கிழவன் என்று சொல்லாமலிருக்க ஒரு பொய் தேடியிருக்கிறார். புரிந்தும் மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கை சரியாகட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேசுவதற்குக் கை எதற்கு?

கட்டுப் பிரித்து ஒரு மாதம் கழித்துத்தான் போனேன். ஃபிட்டர் முன்பக்கம் இல்லை. அன்றிலிருந்து அவரைப் புது வண்டி பூட்ட விடுவதில்லை, பின் சந்தில் பஞ்சர் மட்டும் பார்க்கிறார் என்றார் கடைக்காரர். "வீட்டம்மா சொன்னது நாலு தெருவுக்குப் பரவிருச்சுங்க, நான் என்ன பண்றது?" என்றார். அவரையும் அழைத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். ஃபிட்டர் தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பிரேக்கில் குற்றமில்லை, கால் தாண்டவில்லை, நான் பொய் சொன்னேன் என்று.

அவர் டியூபை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார், இல்லையென்றால் பெருந்தன்மையாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

"நெசமாலுமே பிரேக் புடிச்சுதுங்களா?"

"புடிச்சுது."

"அன்னிக்கு நட்டு முறுக்கினேனா இல்லையான்னு தெனமும் மனசுக்குள்ளயே முறுக்கிப் பாத்துக்கிட்டு இருந்தேனுங்க. என் கையவே நம்ப முடியாமப் போச்சு."

கடைக்காரர், நாளைக்கே முன்னால் வா மாப்ள என்றார். ஃபிட்டர் அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். தேர்வுப் பிரிவில் நான் ஆயிரம் பேரைப் பார்த்த சந்தேகப் பார்வை அது. என்மேல் பாவப்பட்டு இதைச் சொல்கிறீர்களா என்று மறுபடி கேட்டார். இல்லை, உண்மை என்றேன். வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே வண்டி நின்றதைச் சொன்னேன். மூன்றாவது முறையும் கேட்டார்.

மூன்றாவது முறையும் சொன்னேன். அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நம்புவதற்கு நான் அவருக்கு எந்தக் காரணமும் கொடுத்திருக்கவில்லை.