விளையாட்டுக் கம்பியூட்டருக்குச் சாமான்

எண்பதுகளின் நடுவில், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரும் பஸ்ஸில் ஓர் இளைஞர் என் பக்கத்தில் இருந்தார். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி. அதை அடிக்கொரு தரம் கழற்றிச் சேட்டு நுனியில் துடைப்பார். மேல்தட்டிலிருந்த தன் பையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“என்ன தம்பி உதுக்குள்ளை?” என்று கேட்டேன்.

“கம்பியூட்டர்ச் சாமான் அண்ணை. கடை கடையாய்த் திரிஞ்சு பொறுக்கினது. நானே ஒண்டாய்ப் பூட்டி, ரீவியோடை இணைச்சு விளையாடப்போறன்.”

“உந்தச் சண்டைக்குள்ளை விளையாட்டோ?”

“பொழுதுபட்டால் வெளிக்கிடேலாது அண்ணை. வீட்டுக்குள்ளையெண்டாலும் ஏதாவது வேணுமெல்லே?”

சோதனைச் சாவடியில் எங்களை இறக்கி வரிசையாக நிறுத்தினார்கள். பஸ்ஸுக்குள் ஏறிய சிப்பாய் அந்தப் பையோடு இறங்கினான். வயர்களைக் கண்டதும் குண்டுக்கான சாமான் என்றே நினைத்துவிட்டான். துவக்கை எங்கள் பக்கம் திருப்பி, யாருடையது என்று கத்தினான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவன் பைக்குள்ளிருந்து ஒரு கம்பியூட்டர்ச் சிப்பை விரலால் கிள்ளி எடுத்தான்.

“அது என்ரை,” என்று அவர் முன்னே போனார். “கையாலை தொடாதேங்கோ, பழுதாப்போகும்.”

அவரை உள்ளே கொண்டுபோனார்கள். எங்களை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பிறகு அவரை நான் எங்கும் காணவில்லை. அவர் முன்னே போனது எங்களைக் காப்பாற்றவா, அந்தச் சாமான்களைக் காப்பாற்றவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.