மூன்றாவது கூப்பாடு

சென்றாயனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை ராசிபுரம் தொடங்கி பரமத்தி வேலூர் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் பிடிக்க முடியாது. வேலூரிலிருந்து வெற்றிலைக் கட்டு ஏற்றி வருகிற வண்டிக்காரன், தன் மாட்டின் நிழலைப் பார்த்தே வண்டியிலிருந்து குதித்து ஓடியவன். ஆந்தை கத்தினால் அவனுக்குக் காய்ச்சல் வரும். கத்தாவிட்டால், ஏன் கத்தவில்லை என்று காய்ச்சல் வரும்.

அந்த வருசம் புதூரில் எலி செத்து விழுந்தது. எலிக்குப் பிறகு ஆள் விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்து ஊரில் பிளேக்கு வந்து ஒரு தெருவே அடங்கிப்போயிருந்தது. அதனால் ஊர் மொத்தமும் கிளம்பிக் காட்டில் கீற்றுக் குடிசை போட்டது. கிளம்பும்போது ஒரு முறை உண்டு. யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. யார் பேரையும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால், நோய் அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிடும். வாய்க்கு ஓய்வே கொடுக்காத புதூர்க்காரர்கள் அன்றைக்குத்தான் உதட்டைத் தைத்த மாதிரி நடந்தார்கள்.

ஊர்ப்பெரியவர் காளியண்ணன் வேலமுள் வெட்டி ஊர் வாசலை அடைத்தார். முள்ளைத் தாண்டி உள்ளே போனவன், மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்து ஊர் திரும்புகிற வரை குடிசைப் பக்கம் வரக் கூடாது. உள்ளேயே செத்தால் தூக்கவும் ஆள் வராது.

சில நாள் போயிற்று. நல்ல உச்சிவெயிலில், ஆளில்லாத ஊருக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. தொம், தொம். வெறும் உரலில் உலக்கை விழுகிற சத்தம். குடிசைகளில் அழுத குழந்தைகூட வாயை மூடிக்கொண்டது.

“ஆத்தா குத்தறா,” என்றார் காளியண்ணன். “யாரும் அந்தப் பக்கம் பாக்காதீங்க.”

அந்த வெயிலில் சென்றாயன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தான். ஆனால் காதைப் போர்த்த மறந்துவிட்டான். நாலு குத்து, ஒரு நிறுத்தம். மறுபடி நாலு குத்து, ஒரு நிறுத்தம். மறுநாளும் அப்படியே. அவன் எழுந்து உட்கார்ந்தான்.

“ஏய் அங்கம்மா, வடக்காலூட்டு அக்கா எங்க?”

வடக்கு வீட்டு அக்கா என்றால் உண்ணாமலை. ஒண்டிக்கட்டை. வாயில் வெற்றிலை இல்லாமல் அவளைச் சூரியன்கூடப் பார்த்ததில்லை.

“அயோத்தியாப்பட்டணத்துல தங்கச்சி ஊட்டுக்குப் போயிருக்குமுங்க,” என்றாள் அவன் பெண்டாட்டி அங்கம்மாள்.

“போனத யாரு பாத்தா?”

யாரும் பார்க்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிடாததால், அவள் வராததும் யாருக்கும் தெரியவில்லை.

“நாலு குத்துக்கு ஒருக்கா நின்னு துப்பறது அந்த அக்காதானுங்க,” என்று காளியண்ணனிடம் ஓடினான். “ஆத்தா வெத்தலை போட்டா எங்கிட்டத்தான வாங்கியிருக்கோணும்?”

“ஆத்தாளோ பேயோ, துப்பத் தெரியாதாக்கும்? போறதுன்னா போ சாமி. திரும்பி இங்க வராத.”

“ஒண்ணுக்குப் போறதுக்கே என்னயத் தொணைக்குக் கூப்பிடற ஆளு நீங்க!” என்று அங்கம்மாள் அவன் கையைப் பிடித்தாள்.

அடுத்த நாள் குத்து இரண்டோடு நின்றது. அதுவும் கிழட்டுக் குத்து. சென்றாயன் இடுப்பில் வேப்பிலையைச் செருகினான். “ஆத்தா, உள்ள இருக்கறது நீன்னா என்னய மன்னிச்சு உட்ரு. அந்த அக்கான்னா என்கூடவே வா,” என்று கும்பிட்டுவிட்டு முள்ளை விலக்கினான். தொடை நடுங்கிய நடுக்கத்தில் வேட்டி தானாகவே முன்னால் போயிற்று, இவன் அதன் பின்னால் போனான்.

ஊர் திறந்தபடி கிடந்தது. ஒரு வாசலில் நேற்றுப் போட்டது போலக் கோலம். கிணற்றடியில் வாளிக் கயிறு ஈரமாக இருந்தது. நாய் இல்லை, காக்கை இல்லை. செத்த எலிகள் எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்துக் கிடந்தன. எந்தப் பக்கம் என்று அவன் பார்க்கவில்லை.

சத்தம் நின்றுவிட்டது. வடக்கு வீட்டில் கிடக்கிறாளோ, வேறு எந்த வீட்டில் கிடக்கிறாளோ? இனிக் கூப்பிட்டால்தான் உண்டு. கூப்பிட்டால், பேரைக் கேட்டு எது வருமோ?

“உண்ணாமலையக்கா!”

பதில் இல்லை.

“உண்ணாமலையக்காவ்!”

ஒரு கதவு மட்டும் கிரீச்சென்று கொஞ்சம் மூடிக்கொண்டது. ஓடு என்றது கால். தொண்டை கேட்கவில்லை.

“யக்கோவ்! உண்ணாமலையக்கோவ்!”

“வாரேன் சாமி... வர முடியல,” என்று உரல் கிடந்த கொல்லையிலிருந்து குரல் வந்தது.

பரண்மேல் வைத்த தானியத்தை எடுக்க ஏறி, கிளம்பின அன்றைக்கே கீழே விழுந்து காலை உடைத்துக்கொண்டிருக்கிறாள். பானைத் தண்ணீரும் அவளோடு சிந்திய கம்புத் தானியமும் உயிரைப் பிடித்து வைத்திருந்தன. யார் காதிலாவது விழட்டும் என்று உட்கார்ந்தபடியே வெறும் உரலைக் குத்தியிருக்கிறாள். சென்றாயன் அவளை முதுகில் தூக்கினான். வெற்றிலைக் கட்டைவிட லேசாக இருந்தாள்.

“மொதல்லயே பதில் சொல்லக் கூடாதுங்களாக்கா? உசுரே போச்சு எனக்கு.”

“பேயி ரெண்டு வாட்டிதான கூப்புடும் சாமி. மூணாவது கூப்புட்டாத்தான மனுசன்? தெனமும் வந்து ரெண்டு வாட்டி கூப்பிட்டீங்க. இன்னைக்குத்தான் மூணாவது கூப்பிட்டீங்க.”

சென்றாயன் இன்றைக்குத்தான் முதன்முதலாக முள்ளைத் தாண்டியிருந்தான். அவளை இறுகப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தான்.

பாதித் தெருவில் பின்னாலிருந்து, “சென்றாயா!” என்றது ஒரு குரல். அச்சு அசல் அங்கம்மாளின் குரல். தேடிக்கொண்டு வந்துவிட்டாளோ என்று கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது.

“சென்றாயா!”

கழுத்து நின்றுவிட்டது. கோபத்தில் அவனை எருமை என்பாள், கட்டையில போறவனே என்பாள். ஆனால் கட்டின நாளிலிருந்து அங்கம்மாள் புருசன் பேரை வாயால் சொன்னதில்லை. மூன்றாவது கூப்பாடு வருமா என்று கேட்க அவன் நிற்கவில்லை. முதுகில் ஒரு மனுசியோடு அவன் ஓடிய ஓட்டத்துக்கு ராசிபுரம் பஸ்சே ஒதுங்கி வழி விட்டிருக்கும்.

முள்ளுக்கு வெளியே அங்கம்மாள் களிச்சட்டியோடு நின்றிருந்தாள்.

“வந்துட்டீங்களா?” என்று அழுதாள்.

“நீ உள்ள வந்தியா? என்னயக் கூப்பிட்டியா?”

“இங்கயேதானுங்க நிக்கறேன். உங்க பேர எந்த வாயாலங்க சொல்லுவேன்?”

சென்றாயன் உண்ணாமலையைப் புளியமரத்தடியில் இறக்கிவிட்டு, தானும் பக்கத்தில் சரிந்தான். பொங்கல் வைக்கிற வரை இருவரும் அங்கேயே கிடந்தார்கள். அங்கம்மாள் தூரத்தில் சட்டியை வைத்துவிட்டுப் போவாள். இரண்டு பேருக்கும் பிளேக்கின் நெறி கட்டவில்லை.

அதற்குப் பிறகும் அவன் ஆந்தைக்குப் பயந்துகொண்டுதான் இருந்தான். வேலூர்ச் சந்தையில் யார் அவனைக் கூப்பிட்டாலும் மூன்றாவது தடவைக்குத்தான் திரும்புவான்.