திருவிடந்தை: ஒரே கட்டைப்பையில் இரண்டு மாலைகள்

கல்யாணம் ஆகாத பெண் நித்யகல்யாணப் பெருமாள் கோயிலுக்கு ஒருமுறை போனால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். இரண்டாவது முறை, அதுவும் ஒரு புதுமண ஜோடியோடு ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு போனால் கேட்கத்தான் செய்வார்கள். அதனால் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நானும் ரேவதியும் படூரில் ஒரே ஃப்ளாட்டில் நான்கு வருடம் இருந்தோம். சிறுசேரியில் ஒரே அலுவலகம், போக வர ஒரே ஷட்டில். போன வருடம் மாசியில் எங்கள் இருவரின் அம்மாக்களும் பேசிவைத்தாற்போல் ஒரே வாரத்தில் நச்சரிக்க ஆரம்பித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்தே திருவிடந்தைக்குக் கிளம்பிவிட்டோம். அங்கே வழக்கம் இதுதான். கல்யாணம் ஆக வேண்டியவர்கள் பெருமாளுக்கு மாலை கொடுத்து அர்ச்சனை செய்வார்கள். பட்டர் திருப்பித் தரும் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது முறை பிரகாரம் சுற்ற வேண்டும். பிறகு அதை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் முடிந்ததும் ஜோடியாக வந்து, காய்ந்த மாலையைக் கோயிலின் பின்புறம் உள்ள புன்னை மரத்தில் சேர்க்க வேண்டும்.

ரேவதிக்குத் தை மாதம் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை பிரகாஷுக்குக் கல்பாக்கத்தில் வேலை, குடித்தனமும் அங்கேதான். எனக்கு இந்த ஒரு வருடத்தில் இரண்டு வரன்கள் வந்து, இரண்டும் தட்டிப்போயின. ரேவதியின் மாலையைச் சேர்க்க இந்த மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தோம். முந்தின நாளே இருவரும் படூர் ஃப்ளாட்டுக்கு வந்துவிட்டார்கள். பரணில் இருந்து பையை இறக்கிப் பார்த்தால், உள்ளே இரண்டு மாலைகளும் பின்னிக்கொண்டு ஒரே சருகுக் குவியலாகக் கிடந்தன. தீபாவளிக்கு ஃப்ளாட்டில் பெயின்ட் அடித்தபோது பரணைக் காலி செய்து, இரண்டையும் ஒரே கட்டைப்பையில் திணித்த புத்திசாலி நான்தான்.

காலை 9.50க்குப் படூரில் ஆட்டோ ஏறினோம். கேளம்பாக்கம் போய், இடதுபுறம் திரும்பி, உப்பளங்களைத் தாண்டிக் கோவளத்தில் ஈசிஆரைப் பிடித்து, தெற்கே மூன்று கிலோமீட்டர். மொத்தம் பதினொரு கிலோமீட்டர் இருக்கும். முந்நூற்றைம்பது ரூபாய் பேசியிருந்தோம்.

"இவங்க ரெண்டு பேரும் ஜோடின்னு பாத்தாலே தெரிது. நீங்க இன்னாத்துக்கு மேடம் வர்றீங்க?" என்றார் ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து.

"நான் பைக்குத் துணை."

"பையில இன்னா கீது?"

"அதாண்ணே பிரச்சினை," என்றார் பிரகாஷ். கல்யாணமாகி ஒரு மாதத்துக்குள் மனைவியின் தோழிக்காக இவ்வளவு கவலைப்படும் மனிதரை நான் பார்த்ததில்லை.

10.25க்கு இறங்கினோம். தூரத்திலிருந்தே தெரியும் பெரிய கோபுரம் இங்கே கிடையாது, அதனால் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். வாசலில் போன வருடம் மாலை வாங்கிய அதே பூக்காரம்மா இருந்தார். அவரிடம் பையை விரித்துக் காட்டினோம். நாரை இழுத்து முடிச்சைப் பார்த்தார்.

"ரெண்டுமே என் கைதாம்மா. முடிச்சப் பாத்தாலே தெரிஞ்சிடும். ஆனா எது யாருதுன்னு கேட்டா நான் இன்னா சொல்றது? ஒரு நாளிக்கு எத்தினி மாலை கட்டிகினு கீறேன்."

நம்பிக்கை எல்லாம் இல்லை, அம்மாவுக்காகத்தான் என்று ஷட்டிலில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தவள் நான். அங்கே நின்றபோது எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. என் மாலை மரத்துக்குப் போய்விட்டால் என் வேண்டுதல் என்ன ஆவது? ரேவதியின் மாலை என் பரணிலேயே தங்கிவிட்டால் அவளுடையது பாதியில் நிற்காதா? "நீ எதை வேணா எடுத்துக்கோ" என்று அவளும், "இல்ல, நீ எடு" என்று நானும் மாறி மாறிப் பெருந்தன்மை காட்டினோம். இருவருமே சருகைத் தொடவில்லை.

சந்நிதியில் ஆதிவராகர் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறார். ஒரு காலை ஆதிசேஷன் தாங்க, இடது மடியில் தாயார். பட்டர் தலபுராணம் சொன்னார். காலவ முனிவருக்கு முந்நூற்று அறுபது பெண்கள். அத்தனை பேருக்கும் மாப்பிள்ளை தேடி முனிவர் தவித்தபோது, பெருமாளே பிரம்மச்சாரியாக வந்து நாளுக்கு ஒருத்தி வீதம் மணந்தாராம். கடைசி நாளில் எல்லோரையும் ஒருத்தியாக்கி இடப்பக்கம் வைத்துக்கொண்டதால் ஊருக்குத் திருவிடவெந்தை என்று பெயர், அதுதான் பேச்சில் திருவிடந்தை. எங்கள் அம்மாக்களின் கஷ்டத்தை 360ஆல் பெருக்கிப் பார்த்தேன். முனிவர் மேல் மரியாதை கூடியது.

தயங்கித் தயங்கிப் பட்டரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டார்.

"முந்நூத்தி அறுபது பேரை ஒண்ணா சேர்த்தவருக்கு ரெண்டு மாலை எது யாருதுன்னு தெரியாதா? எல்லாத்தையும் மரத்துல சேர்த்துடுங்கோ. நீங்க புதுசா ஒண்ணு வாங்கிண்டு சுத்துங்கோ."

சொல்வது எளிது. அந்தச் சருகில் என்னுடைய ஒரு வருடக் காத்திருப்பு இருந்தது. புன்னை மரத்தடியில் பையைக் கொடுக்க என் கைக்கு மனம் வரவில்லை. ரேவதியும் கேட்கவில்லை, பக்கத்தில் சும்மா நின்றாள். அவள் அப்படி நின்றதால்தான் கொடுத்தேன். அவளும் பிரகாஷும் குவியலை அப்படியே கிளையில் சாத்தினார்கள். கொஞ்சம் என் புடவை மேலும் உதிர்ந்தது.

பூக்காரம்மாவிடம் நூற்றைம்பது ரூபாய்க்குப் புது மாலை வாங்கினேன். அர்ச்சனை முடிந்து சுற்றக் கிளம்பியபோது ரேவதி கூட வந்தாள்.

"உனக்கு எதுக்கு? உனக்குத்தான் ஆயிடுச்சே."

"போன தடவ நீ என்கூட சுத்தினல்ல. பேசாம நட."

பேசாமல் எங்கே நடந்தோம்? சுவரடியில் சோழர் காலக் கல்வெட்டு எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு, ஃப்ளாட் கதைகளைப் பேசிக்கொண்டு, எண்ணிக்கையைக் கோட்டைவிட்டோம். எட்டு என்றேன் நான், ஏழு என்றாள் அவள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்று கூடுதலாகவே சுற்றினோம். பிரகாஷ் மூன்று பைகளோடு தூணோரம் நின்று கையசைத்தார்.

போகிறவர்களுக்கு: மதியம் பன்னிரண்டுக்கு நடை சாத்திவிடுவார்கள், மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள். ஞாயிறு கூட்டத்துக்குப் பத்து மணிக்குள் வந்துவிடுவது நல்லது. சுற்றும்போது விரல் விட்டு எண்ணுங்கள். முக்கியமாக, தோழியோடு போனால் மாலையைத் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

11.50க்கு ஈசிஆரில் அவர்களுக்குக் கல்பாக்கம் பஸ் கிடைத்தது. நான் எதிர்த்திசையில் ஆட்டோ பிடித்தேன். வீட்டுக்கு வந்ததும் மாலையைப் புதுப் பையில் போட்டு, பேனாவை எடுத்து என் பெயரை எழுதப் போனேன். எழுதவில்லை. இப்போது அந்தப் பரணில் இருப்பது ஒரே ஒரு மாலைதான்.