நீர்வேலிக் கிணற்றடியில் என் அரசியல்

சென்ற பிப்ரவரியில் யாழ்ப்பாணம் போனதற்குப் பாதிக் காரணம் கோவை அலுவலகம். இணையத்தில் அரசியல் சாய்வைச் சொல்லும் கேள்வித்தாள் ஒன்றை நிரப்பினேன். 'லிபர்டேரியன்' என்று வந்தது. அதாவது, அவரவர் உடைமை அவரவருக்கு, அரசாங்கம் எட்ட நிற்கட்டும் என்று நினைக்கிற ஆள். எனக்குப் பெருமை. சகாக்களோ, "அப்ப ரோடு யாருங்க போடுவாங்க?" என்று ஒரு வாரம் உயிரை எடுத்தார்கள். விடுப்புப் போட்டுக் கிளம்பிவிட்டேன்.

சென்னையிலிருந்து பலாலிக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். யாழ் நகரில் அறை, நாளுக்கு ஆறாயிரம் இலங்கை ரூபாய். மறுநாள் காலை ஒன்பதுக்கு ஆட்டோ. கொழும்புத்துறைக் கரையும் நீர்வேலி வாழைத்தோட்டங்களும் பார்த்துத் திரும்ப ஐயாயிரம். ஓட்டுநர் குகனுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"பன்னிரண்டுக்கு நான் நீர்வேலியிலை நிக்கவேணும். இண்டைக்கு என்ரை தண்ணி முறை."

நகரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். அங்கே அவருக்குப் பங்குக் கிணறு. மூன்று தோட்டத்துக்கு ஒரு கிணறு, நாள் முறை வைத்து இறைக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு என்பது காணிப் பத்திரத்திலேயே இருக்கிறது. அதை அங்கே 'உறுதி' என்கிறார்கள். அதிகாரி இல்லை, மீட்டர் இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உடனே படம் எடுத்துச் சகாக்களுக்கு அனுப்பினேன்.

அப்போது இன்னொரு பங்குக்காரரான தவமணி அக்கா ஒரு மனுவோடு வந்தார். மூன்றாவது பங்குக்காரர் சிவநேசன் தன் காணியில் குழாய்க் கிணறு தோண்டப் போகிறாராம். ஆழத்திலிருந்து உறிஞ்சினால் அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீர் ஏறி, இந்தக் கிணறு கெட்டுவிடும். அக்காவின் அறுநூறு வாழையும் போய்விடும். அதைத் தடுக்கத்தான் கந்தோருக்கு, அதாவது அரசு அலுவலகத்துக்கு, மனு. குகனின் கையெழுத்து வேண்டும்.

நாக்கை அடக்க முடியாமல், "அவர் காணியில் அவர் தோண்டுவதை..." என்று ஆரம்பித்தேன்.

"தம்பி, இந்தக் கிணத்திலை மூண்டிலை ஒண்டு என்ரை. உறுதியிலை கிடக்கு. அவர் தன்ரை காணியைத் துளைச்சு என்ரை தண்ணியைக் கெடுக்கலாமோ?" என்றார் அக்கா.

வெட்கமாக இருந்தது. யோசித்தால், அக்காவும் உடைமையைத்தான் பேசுகிறார், என்னைவிடத் தெளிவாக.

"அவரிடம் கேட்டீர்களா?" என்றேன். அக்கா வாழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். குகன் போய்ச் சிவநேசனைக் கூட்டி வந்தார்.

அவர் மனுவை இரண்டு தரம் வாசித்தார். குகனைப் பார்த்து, "கந்தோர் மறிச்சால் இன்னொரு கந்தோரிலை அனுமதி எடுப்பன். என்னட்டை வாய் திறந்து கேக்கலாம்தானே?" என்றார்.

அக்கா தொண்டையைச் செருமினார். "இப்ப கேக்கிறன். தோண்டாதையும்."

அவர் இப்போதுதான் அக்காவைப் பார்த்தார். "வெங்காயத்துக்குத் தண்ணி காணாது."

"என்ரை முறையிலை அரை நாள் எடும்."

"ஓம். ஆனால் கந்தோருக்கு எழுதாமல் எங்களுக்குள்ளை எழுதுவம். எனக்குப் பிறகு காணி வாங்கிறவனையும் அது மறிக்கட்டும்."

மனுவின் பின்பக்கத்திலேயே எழுதி மூவரும் கையெழுத்திட்டார்கள். பிறகு உறுதியிலும் ஏற்றப் போகிறார்களாம். உறுதியைப் பதிவதும் ஒரு கந்தோரில்தான் என்பதைச் சகாக்களுக்கு நான் சொல்லப் போவதில்லை.

போகிறவர்களுக்கு: காலையிலேயே போங்கள், மத்தியானம் வெயில் கொளுத்துகிறது. வாய்க்காலை மிதிக்காதீர்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள். உங்கள் சாய்வு தெரியக் கேள்வித்தாள் வேண்டாம். அந்த மனு கந்தோருக்குப் போகாதது உங்களுக்குச் சந்தோஷமாக இருந்தால் நீங்களும் நம்ம கட்சிதான். சிவநேசன் வாக்கு மாறினால் என்ன செய்வது என்று கூடவே பயமும் வந்தால், அதுவும் நல்லதுதான். எனக்கும் வந்தது. கிளம்பும்போது அக்காவிடமே கேட்டுவிட்டேன்.

"நீயாய்க் கதைக்கும்வரை நான் கதைக்க மாட்டன் எண்டு வேலிச் சண்டையிலை சொன்னவர். பதினொரு வருசம் ஒரு சொல் கதைக்கேல்லை, தம்பி. உந்த மனிசனோ வாக்கு மாறப்போறார்?"