எரர் இல்லை என்றது எந்திரம்

ஐஸ் தொழிற்சாலைக்குள் போனால் யாருக்கும் குளிரும். போன வாரம் கிள்ளானில் எனக்கு வியர்த்தது.

அங்கே தண்ணீரை உறைய வைக்க அம்மோனியா வாயு ஓடுகிறது. கசிந்தால் ஆளையே கொன்றுவிடும். காவலுக்கு எந்திர அறையில் ஒரு சென்சார். அது கொடுக்கும் தகவலைப் பார்த்து சைரனை அலறவிடுவது ஒரு பழைய யூனிக்ஸ் கம்ப்யூட்டர். சென்சாரைப் புதிதாக மாற்றியிருந்தார்கள். அதற்கான புரோகிராமை பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் என் லேப்டாப்பில் எழுதி, சோதித்து, எடுத்துப் போயிருந்தேன்.

நாம் எழுதுவதை எந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். என்னிடம் இருப்பது உலகமே இலவசமாகப் பயன்படுத்தும் ஜிஎன்யூ கம்பைலர். அங்கே இருந்ததோ, கம்ப்யூட்டரைச் செய்த கம்பெனியே அந்தக் காலத்தில் கொடுத்தது. வேறு எதையும் அதில் ஏற்ற வழியில்லை.

திரை முழுக்க எரர்! ஜிஎன்யூ செல்லம் கொடுத்து அனுமதித்த குறுக்குவழி எதையும் இது ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றாகத் திருத்தினேன். ஒருவழியாக எரர் நின்றது. வாயு கசிந்ததுபோல் சோதித்தோம். சைரன் அலறியது.

“முடிஞ்சிச்சிலா பாஸ்!” என்றார் மேனேஜர் தியாகு.

“ஒரே ஒரு டெஸ்ட், அண்ணே. சென்சார் வயர் அறுந்து போனாலும் சைரன் அடிக்கணும்.”

கம்ப்யூட்டரின் பின்னாலிருந்த சென்சார் வயரை உருவினேன்.

சத்தமே இல்லை.

திரையைப் பார்த்தேன். ‘எல்லாம் சரி’ என்றது.

“அண்ணே... உள்ள யாரும் இல்லதானே?”

தியாகுவின் முகம் வெளுத்தது. “டெஸ்ட்ல சைரன் அடிச்சிச்சேன்னு ஜெயாவையும் மணியத்தையும் உள்ள வேலைக்கு அனுப்பிட்டேனே!”

அவர் கத்திக்கொண்டே எந்திர அறைக்கு ஓடினார். நான் வயரைத் திரும்பச் செருகப் பார்த்தேன். அவசரத்தில் துளை பிடிபடவில்லை. இந்த நேரம் பார்த்துக் கசிந்தால்? செருகி முடித்துவிட்டு நானும் ஓடினேன்.

டெக்னீஷியன் ஜெயா ஸ்பேனரோடு வெளியே வந்தார். பின்னாலேயே மணியம்.

“என்னாச்சு அண்ணே? ரெண்டு பேரும் பேயப் பாத்த மாதிரி நிக்கிறீங்க?” என்றார் ஜெயா.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

காரணம்? வயர் அறுந்தால் ‘மைனஸ் ஒன்று’ என்று கம்ப்யூட்டரின் நினைவகத்தில் ஒரு சின்னப் பெட்டியில் குறித்துவைக்கச் சொல்லியிருந்தேன். என் லேப்டாப்பில் அந்தப் பெட்டி மைனஸை ஏற்கும். பழைய கம்பைலருக்கு அந்தப் பெட்டியில் மைனஸே கிடையாது. இருநூற்று ஐம்பத்தைந்து என்று மாற்றி வைத்துக்கொண்டது. ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை! மைனஸ் ஒன்றைத் தேடிய புரோகிராம், அது அங்கே இல்லை என்றதும் நிம்மதியாக இருந்துவிட்டது.

‘இந்தப் பெட்டியில் மைனஸும் வரும்’ என்று ஒரே ஒரு சொல் சேர்த்தேன். மறுபடி கம்பைல். மறுபடி வயரை உருவினேன். சைரன் அலறிய அலறலில் ஜெயா காதைப் பொத்திக்கொண்டார்.

“போதும் அண்ணே, நிறுத்துங்க!”

நான் உடனே நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கேட்க வேண்டும்போல் இருந்தது.

நம்மைத் திட்டுகிறவர்களை நம்பலாம். எதற்கும் ‘சரி, சரி’ என்று தலையாட்டுகிறவர்களிடம்தான் உஷார் தேவை... கம்பைலரோ, மனிதரோ!