உப்புத் தண்ணிக்கு உப்பு

இன்னாசி துபாயில் ஓர் ஓட்டலின் சமையல்கட்டில் வருஷக்கணக்காகத் தட்டுக் கழுவியவர். கறம்பக்குடிக்குத் திரும்பியதும் முதல் வேலையாகப் பாத்திரம் கழுவும் மெஷின் ஒன்றை வாங்கினார்.

முதல் நாள் கழுவி எடுத்த கண்ணாடி டம்ளர்கள் மோரில் முக்கியது போல வெளுத்திருந்தன. மனைவி அடைக்கலமேரி ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"என்னங்க, கழுவச் சொன்னா இது வெள்ளையடிச்சுக் குடுத்திருக்கு?"

சோப்பைக் கூட்டிப் போட்டார், வெள்ளை போகவில்லை. ரோஷம் தாங்காமல் மெஷின் வாங்கிய கடைக்குப் போன் போட்டார். சுடர்விழி என்ற பெண் பேசினாள்.

"ஒங்க போர் தண்ணியில சுண்ணாம்பு அதிகம் சார். உப்பு போட்டீங்களா?"

"தண்ணியே உப்புத் தண்ணிம்மா. அதுல இன்னும் உப்பா?"

"மெஷினுக்குன்னே தனி உப்பு இருக்கு சார். அதப் போட்டாத்தான் உள்ள போற தண்ணி மென்மையாகும். சமையல் உப்ப மட்டும் போட்டுறாதீங்க."

கேலி செய்கிறாளோ என்று சந்தேகம்தான். இருந்தாலும் அந்த உப்பை வரவழைத்தார். மெஷினின் அடியில் இருந்த மூடியைத் திருகி, உப்பைக் கொட்டினார். மிச்சத்தை ஒரு காலி டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தார். பழைய டம்ளர்களை எலுமிச்சம்பழத்தால் தேய்த்து உள்ளே அடுக்கினார். இந்தத் தடவை டம்ளர்கள் பளிங்காக வந்தன. அவற்றை அடுப்படி மேடையில் வரிசையாக நிறுத்திவிட்டு, பெருமையோடு குளிக்கப் போனார்.

அந்த நேரம் பார்த்து அடைக்கலமேரியின் அண்ணன் சவரியப்பன் தொண்டை கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பாலில் மிளகைத் தட்டிப் போட்டவள், அலமாரியில் புது டப்பாவைப் பார்த்தாள். உள்ளே வெள்ளை வெளேரென்று பொடிக் கல்கண்டு. தாராளமாக அள்ளிப் போட்டுக் கலக்கி, மேடையில் இருந்த டம்ளர் ஒன்றில் ஊற்றிக் கொடுத்தாள்.

ஒரு வாய் குடித்த சவரியப்பன் வாசலுக்கு ஓடித் துப்பினார்.

"மேரி, எம்மேல ஒனக்கு அப்படி என்னத்தா கோவம்?"

தலை துவட்டிக்கொண்டே வந்த இன்னாசி டப்பாவைப் பார்த்துப் பதறினார். "அடியே, அது மெஷினுக்கு உள்ளதுடி!"

அடைக்கலமேரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணன் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாலு வாயில வைக்க முடியல. ஆனா டம்ளரு என்னமா மின்னுது! மாப்ள, இந்த மெஷினு எங்கிட்டு வாங்குனீக?"

இன்னாசி பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அடைக்கலமேரி முந்திக்கொண்டாள்.

"மெஷின விடுண்ணே. எல்லாம் உப்புலதான் இருக்கு."